ராசாத்தி போன பக்கம்

மாட்டுக்கொட்டகைக்குள் நுழையும்போதே பெரியவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஒரு பசுமாடு அவளுடைய ஓரகத்தியின் தோளை நக்குகிறது, அதுதான் காரணம். புருஷன் இன்னொருத்தியைப் பார்த்துப் பல்லிளித்திருந்தால்கூட இரண்டு நாள் பேசாமல் இருந்து சரிக்கட்டியிருப்பாள். மாட்டிடம் பேசாமல் இருந்து என்ன ஆகப்போகிறது?

பண்ணை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் கொட்டகை, மேற்கே பழைய வீடு, கிழக்கே ஒரு வாய்க்கால், வாய்க்கால் மேல் ஒரு பலகை, அந்தப் பக்கம் மக்காச்சோளம். அவ்வளவுதான். ஆனால் அதற்குள் குடியிருந்த ஜீவன்கள் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஆட்டுக்கு வக்கீலம்மா என்று பேர். கட்டினாலும் கத்தும், அவிழ்த்துவிட்டாலும் கத்தும். நியாயம் எப்போதும் அதன் பக்கம்தான். வாத்துக்கு இன்ஸ்பெக்டர் என்று பேர். யார் வந்தாலும் கழுத்தை நீட்டிக்கொண்டு விசாரணைக்குக் கிளம்பிவிடும், வீட்டு ஆள் வெளியாள் என்ற பேதமெல்லாம் கிடையாது. பூனைக்கு மாப்பிள்ளை என்று பேர். சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வருவார், துரும்பைக் கிள்ளிப் போடமாட்டார், ஏதாவது சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விடுவார். எருமையைப் பெரிய மனுஷி என்பார்கள். கொஞ்சினாலும் ஒன்றுதான், திட்டினாலும் ஒன்றுதான். வாளியை வைத்தால் பால் தரும், எடுத்தால் அசைபோடும்.

ராசாத்தி அந்த ரகம் இல்லை. சிவப்புப் பசு, நெற்றியில் ஒரு வெள்ளை. அது பிறந்த அன்று மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. மாட்டு டாக்டரின் வண்டி பாதி வழியில் சேற்றில் மாட்டிக்கொண்டது. பெரியவள்தான் முழங்கை வரை கையை விட்டுக் கன்றை இழுத்துப் போட்டாள். தாய்மாடு பிழைக்கவில்லை. பெரியவள் புருஷனின் பழைய சட்டையோடு தரையில் உட்கார்ந்து, கன்றை மடியில் போட்டு, பாட்டிலில் பால் புகட்டினாள். குடித்து முடித்ததும் கன்று அவள் தோளை ஒரு தடவை நக்கியது. வளர்ந்து, கன்று போட்டு, அந்தக் கன்றும் பால்குடி மறந்து பெரிதாகி விலைபோன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவள் வாளியோடு வந்து குனிந்தால் முதலில் தோளை நக்கும், பிறகு ஒரு பெருமூச்சு விடும், அதற்கப்புறம்தான் பால் இறங்கும். வேறு யார் வந்தாலும் பாலை எக்கிக்கொண்டு காலைத் தூக்கும். ஒரு தடவை பெரியவளின் புருஷன் வீரம் பேசிக்கொண்டு கறக்கப் போய், வாளி ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாக விழுந்து கிடந்தான். பெரியவள் அதை வருஷக்கணக்காக எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமையில்தான் சின்னவள் வந்து மண்ணைப் போட்டாள்.

கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்த பெண் அவள். டவுனில் துணிக்கடையில் நின்றவள். வந்த புதிதில் கோழியைக் கண்டாலே கட்டில் மேல் ஏறி நிற்பாள். கொட்டகை வேலை பழக வேண்டும் என்று மாமனார் சொல்லிவிட்டதால் பெரியவளும் வேண்டாவெறுப்பாகக் காட்டிக்கொடுத்தாள். முதல் வாரம் சின்னவள் நொண்டி நொண்டி நடந்தாள். கேட்டதற்கு வாய்க்கால் பலகையில் வழுக்கிவிட்டது என்றாள். பெரியவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். ஒரு மாசம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் அதே சின்னவள் வாளி நிறைய நுரை தளும்பத் தளும்ப வந்து நின்றாள். அத்தனையும் ராசாத்தியின் பால்.

மறுநாள் பெரியவள் தவிட்டுக் கூடையோடு கொட்டகைக்குப் பின்னால் போய்த் தட்டி ஓட்டை வழியாகப் பார்த்தாள். ராசாத்தி கண்ணை மூடிக்கொண்டு சின்னவளின் தோளை நக்கிக்கொண்டிருந்தது. அப்புறம் அதே பெருமூச்சு. துரோகி என்று பெரியவள் வாய்விட்டே சொன்னாள். மாட்டைச் சொன்னாளா மனுஷியைச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது.

அன்று முதல் காலைக் கறவை பெரியவளுக்கு, சாயங்காலக் கறவை சின்னவளுக்கு என்று ஆகிவிட்டது. பால் வந்தால் சரி, யார் கறந்தால் என்ன என்று புருஷன் சொன்னான். அதற்காக அவனுக்கு ஒரு வாரம் உப்புக் குறைச்சலாகவே சாப்பாடு கிடைத்தது.

இங்கே சட்டை விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கொட்டகை வேலைக்கு இரண்டு பேரும் புடவைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையை மாட்டிக்கொள்வார்கள். மாமனார் துணி எடுத்தால் ஒரே தானில்தான் எடுப்பார். அண்ணன் தம்பிக்குள் பேதம் வரக்கூடாதாம். அதனால் இரண்டும் ஒரே நீலக் கட்டம், ஒரே அளவு. கொட்டகைத் தூணில் இரண்டு ஆணி. இடது ஆணி பெரியவளுக்கு, வலது ஆணி சின்னவளுக்கு. மாடு வாடைக்குப் பழகியது என்பதால் அந்தச் சட்டைகளுக்குத் துவைப்பு அபூர்வம். மனுஷர்களுக்குத்தான் கஷ்டம்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. வாய்க்காலுக்குக் கிழக்கே சின்னவர்களின் புது வீடும் அதை ஒட்டி ஒரு சின்னக் கொட்டகையும் எழும்பி நின்றன. பிரிவதில் சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. வாய்க்காலுக்கு மேற்கே பெரியவனுக்கு, கிழக்கே சின்னவனுக்கு என்று மாமனார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆடு மாடுகள் என்று வந்தபோதுதான் அவர் தாடையைத் தடவினார். தன் அப்பாவும் சித்தப்பாவும் பிரிந்தபோது செய்ததையே செய்வது என்று கடைசியில் சொன்னார். காலையில் கொட்டகையைத் திறந்துவிடுவது. இரண்டு குடும்பமும் அவரவர் வாசலில் நிற்பது. யாரும் கூப்பிடக்கூடாது, கையில் தீனி இருக்கக்கூடாது. எது எந்தப் பக்கம் போய்ப் படுக்கிறதோ அது அந்தப் பக்கத்துக்கு. அன்றைய கறவையும் அதற்குப் பிறகுதான், சொந்தக்காரர் கையால்.

"அதுங்களுக்கும் ஒரு மனசு இருக்குல்ல. நாம யாரு பங்கு போட?" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். பெரியவள் மட்டும் ராசாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். எருமை போகட்டும், ஆடு போகட்டும், கோழிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு போகட்டும், அவளுக்கு ஒன்றும் இல்லை. ராசாத்தி மட்டும் அந்தப் பலகையைத் தாண்டிப் போய்விட்டால்? அத்தனை பேர் கண் முன்னால், தான் மடியில் போட்டுப் பால் கொடுத்த மாடு தன்னைப் பார்த்துவிட்டுச் சின்னவளிடம் நடந்து போனால்? அந்த நினைப்பே அவளுக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து மாட்டுக்கு ஒரே உபசாரம். வெல்லக்கட்டி கொடுத்தாள். கழுத்தைத் தேய்த்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் ராசாத்தியின் வாலைப் பிடித்து இழுத்ததற்குத் துடைப்பத்தால் துரத்தினாள். ராசாத்தி காலையில் வெல்லத்தைத் தின்றது, சாயங்காலம் சின்னவளின் தோளை நக்கியது. தின்பது இங்கே, கொஞ்சுவது அங்கே என்று பெரியவள் பொருமினாள். பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்றைக் கவனித்தாள். சின்னவள் இல்லாத நேரத்திலும் ராசாத்தி தூணைத் தாண்டும்போது வலது ஆணியில் தொங்கும் சட்டையை மோந்து பார்க்கிறது. ஓகோ, எல்லாச் சூட்சுமமும் சட்டையில்தான் இருக்கிறதா என்று அவளுக்குப் பொறி தட்டியது.

பிரிக்கிற நாளைக்கு முதல் நாள் சாப்பிடும்போது மாமனார் வேறு எதையோ பேசினார். கிளிகள் மக்காச்சோளத்தைக் காலி பண்ணுகின்றன, சோளக்கொல்லை பொம்மையின் சட்டை காற்றில் கிழிந்து போய் வெறும் வைக்கோல்தான் நிற்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"நான் பாத்துக்கறேன் மாமா," என்றாள் பெரியவள்.

சாயங்காலக் கறவை முடித்துச் சின்னவள் போனதும், வலது ஆணியில் இருந்த சட்டையை எடுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். பலகையைத் தாண்டினாள். பொம்மைக்கு மாட்டிவிட்டு, மேல் பித்தானையும் போட்டுவிட்டாள். யாராவது கேட்டால் பழசு என்று நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். திரும்பி வந்து இடது ஆணியில் இருந்த சட்டையையும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். நாளைக்கு இந்த நாற்றத்தோடா நிற்பது? நாளைக்கு அவள் மகாராணி மாதிரி நிற்க வேண்டும்.

அப்படியேதான் நின்றாள். விடிந்ததும் வாசனைச் சோப்புப் போட்டுக் குளித்தாள். பவுடர் பூசினாள். பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல புடவையைக் கட்டினாள். மாடு பெண் பார்க்க வருகிறதா என்று புருஷன் கேட்டான். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

சின்னவள் கொட்டகைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, என் ஆணியில இருந்த சட்டையப் பாத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன்? காத்துல எங்கயாவது போயிருக்கும்."

சின்னவள் அவளையும், அவள் கட்டியிருந்த புடவையையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பலகையைத் தாண்டிப் போய்த் தன் வாசலில் நின்றாள். எப்படித் துடிக்கிறாள் பார் என்று பெரியவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

மாமனார் கதவைத் திறந்தார். முதலில் வக்கீலம்மா வந்தாள். மேற்கே நாலடி வைத்தாள், யோசித்தாள், கிழக்கே போனாள், பலகையின் நடுவில் நின்றுகொண்டு இரண்டு தரப்பையும் பார்த்து வாதாடினாள். அவளுக்குப் பின்னால் வந்த இன்ஸ்பெக்டர் வழிவிடச் சொல்லி ஒரு கொத்துக் கொத்தியதும் கிழக்கே ஒரே ஓட்டம். இன்ஸ்பெக்டரும் விடாமல் துரத்திக்கொண்டு அந்தப் பக்கமே போய்ச் சேர்ந்தார். பெரிய மனுஷி நேராக மேற்கே இருந்த சேற்றுக் குட்டைக்குப் போய் இறங்கினாள். கிழக்கு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. மாப்பிள்ளை கூரை மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். அவரை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

கடைசியில் ராசாத்தி வந்தது.

கொட்டகை வாசலில் நின்று மேற்கே பார்த்தது. பெரியவள் கூப்பிடவில்லை. வாய்தான் கூப்பிடவில்லை, கண், கை, கால் எல்லாம் கூப்பிட்டன. ராசாத்தி அவளை நோக்கி நடந்து வந்தது. கையெட்டும் தூரத்துக்கு வந்து மூக்கை நீட்டியது. சோப்பு, பவுடர், பெட்டிக்குள் இருந்த பாச்சை உருண்டை எல்லாம் கலந்த அந்த வாடையை மோந்துவிட்டு, ஒரு தும்மல் தும்மியது. விருந்தாளியைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை பார்த்தது. பிறகு திரும்பி நடந்தது.

பலகையில் ஏறி, வாய்க்காலைத் தாண்டி, சின்னவளின் வாசலைக் கடந்தது. சின்னவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மக்காச்சோளத்துக்குள் போய், பொம்மையின் முன்னால் நின்றது. நீலக் கட்டம் போட்ட அந்தத் தோளை ஒரு தடவை நக்கியது. பெருமூச்சு விட்டது. கறக்காத மடியிலிருந்து பால் தானாகவே சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, பொம்மையின் காலடியில் படுத்துக்கொண்டது.

பெரியவளின் புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமனார் சிரிக்கவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தானே படுத்திருக்கிறது, சின்னவள் மாடு என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

பெரியவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆளைக்கூட விடு, அவள் போட்டுக் கழற்றிய சட்டை போதும் என்று ஆகிவிட்டதே. அப்படி என்னதான் சொக்குப்பொடி போட்டாள் அந்தப் பாவி? புடவையைச் சுருட்டிப் பெட்டியில் எறிந்தாள். ஊறிய சட்டையை அடித்துத் துவைத்துக் காயப்போட்டாள். ஆத்திரம் தீரக் கொட்டகை முழுக்கச் சாணி அள்ளினாள், வைக்கோல் பிரித்தாள், எருமையைக் கறந்தாள். சட்டை காய்ந்ததும் எடுத்து மாட்டிக்கொண்டு விறகு பிளந்தாள். பொழுது சாய்வதற்குள் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தாள்.

அப்போதுதான் சின்னவள் பலகை மேல் நொண்டிக்கொண்டு வந்தாள். கையில் காலி வாளி, ஒரு பக்கம் நெளிந்திருந்தது. கண் சிவந்திருந்தது.

"அக்கா, பொம்மைக்குச் சட்டை மாட்டுனது நீங்கதானே?"

பொய் சொல்லலாம் என்று பெரியவள் வாயைத் திறந்தாள். அந்த நெளிந்த வாளியைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"ஆமா. நான்தான். இப்ப என்னாங்கற?"

"அது உங்க சட்டை அக்கா."

பெரியவளுக்குப் புரியவில்லை. சின்னவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வந்த முதல் வாரமே மாடு உதைத்துவிட்டதாம், பலகையில் வழுக்கியதெல்லாம் பொய்யாம். ஒரு நாள் ஆணி மாறிப் பெரியவளின் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். மாடு தோளை நக்கிவிட்டுப் பாலை இறக்கியிருக்கிறது. அன்று முதல் தினமும் சாயங்காலம், காலையில் பெரியவள் போட்டுக் கழற்றிய சட்டையைத்தான் எடுத்துப் போட்டுக்கொள்வாள். கறந்து முடித்ததும் அதைத் தன் ஆணியில் மாட்டிவிட்டு, தன் ஆணியில் இருந்ததைப் பெரியவளின் ஆணிக்கு மாற்றிவிடுவாள். இரண்டும் ஒரே நீலக் கட்டம், யாருக்குத் தெரியப்போகிறது? இன்று பொம்மை மேல் இருந்ததைக் கழற்றிப் போட்டுக் கறக்கலாம் என்று போனால், ராசாத்தி கிட்டேயே விடவில்லை. பகலெல்லாம் சோளக்காட்டிலேயே படுத்துக் கிடந்தது. சும்மா போய் உட்கார்ந்து பார்த்ததற்குத்தான் இந்த உதை.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்? எனக்கு வயித்தெரிச்சல்கா. ஊரே நான் கைராசிக்காரின்னு சொல்லுது. எனக்குத்தானே தெரியும், அது நக்குறது உங்களன்னு. ஒரு நாளாவது உங்க வாடை இல்லாம எனக்காகப் பால் விடாதான்னு எத்தன தடவை கெஞ்சியிருக்கேன் தெரியுமா? இன்னைக்கும் உங்க சட்டையப் போட்டுட்டு நின்னு, அது எங்கிட்ட வர்ற மாதிரி காட்டிக்கலாம்னுதான் தேடுனேன்."

பெரியவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கம் கெட்ட சந்தோஷம். இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ உருட்டிவிட்ட மாதிரி இருந்தது. ராசாத்தி ஒரு நாளும் மாறவில்லை. அடுத்த நொடியே சட்டையை உருவியதும், பித்தானைப் போட்டுவிட்டதும், சோப்பும் பவுடரும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மாடு அவளைத் தேடிக்கொண்டு அவளிடமே வந்திருக்கிறது, அவள்தான் அங்கே இல்லை. அவள் இருந்த இடத்தைத் தேடிப் போனால் அங்கே வைக்கோல் நின்றிருக்கிறது.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடட்டுமா, மாட்டை நீங்களே ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று சின்னவள் கேட்டாள். ஆமாம் என்ற வார்த்தை பெரியவளின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவரிடம் சொன்னால் சட்டையைத் திருடியது யார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். திருட்டு வழியில் போன மாட்டைத் திருடியவள் வீட்டுக்கே ஓட்டிவிடுகிற ஆள் இல்லை மாமனார். அதுவும் போக, விட்டுக்கொடுப்பது சின்னவள். தான் வளர்த்த மாட்டை அவளிடம் பிச்சை மாதிரி வாங்குவதா?

"மடி கட்டியிருக்கும். வலியில துடிக்கும். மொதல்ல வா," என்றாள்.

இரண்டு பேரும் பலகையைத் தாண்டினார்கள். பாதி வழியிலேயே ராசாத்தி காதை நிமிர்த்திக்கொண்டு எழுந்தது. பெரியவள் குனிந்ததும் வேர்வை ஊறிய தோளை நக்கியது, ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. பெருமூச்சு விட்டது. நெளிந்த வாளியில் பால் சர் சர்ரென்று இறங்கியது. பெரியவள் அரைக்கண்ணால் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்த முகத்தைப் பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷமாகத் தட்டி ஓட்டைக்குப் பின்னால் அவள் வைத்திருந்த அதே முகம்.

கறந்து முடித்து ராசாத்தியைப் புதுக் கொட்டகையில் கொண்டு போய்க் கட்டினாள். சட்டையைக் கழற்றி அங்கிருந்த ஆணியில் மாட்டினாள்.

"தொவைச்சிராத. நாளைக்கு வேற கொண்டாந்து மாட்டிட்டுப் போறேன்."

அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. பெரியவள் பகலெல்லாம் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்வாள், சாயங்காலம் அதைக் கொண்டு போய்க் கிழக்கே கொடுப்பாள், முந்தின நாள் சட்டையை வாங்கிக்கொண்டு வருவாள். சின்னவள் ஒரு தடவையும் வாய் தவறிக்கூட எங்க மாடு என்று சொன்னதில்லை. பெரியவள் திரும்பி வந்து பெரிய மனுஷிக்குப் பக்கத்தில் வாளியை வைப்பாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ராசாத்தி பெருமூச்சு விடுவது அவள் காதில் விழும். பொறாமை போய்விட்டதா என்றால், எங்கே போகும்? இப்போது அவளுக்கு அந்தச் சட்டை மேல் பொறாமை.